போலீஸ் இல்லாத ஊரில் என்ன சிரிப்பு?

குற்றத்தை வைத்துச் சிரிப்புக் காட்டும் வீடியோ கேம்கள் ஏன் இவ்வளவு பேரைக் கட்டிப்போடுகின்றன என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை கெட்டுப்போகிறான் என்று கவலைப்படும் பெற்றோர் சொல்வார்கள்: "அங்கே எதை வேண்டுமானாலும் செய்யலாம், கேட்பாரே கிடையாது. அதுதான் இழுக்குது." ராத்திரி பகலாக ஆடும் ரசிகரும் அதையேதான் சொல்வார், குரலில் மட்டும் பெருமை இருக்கும். விற்கும் நிறுவனங்களும் முன்னோட்டத்துக்கு முன்னோட்டம் அதையே கூவுகின்றன: பெரிய ஊர், கட்டற்ற சுதந்திரம், இன்னும் பெரிய வெடி. வாதியும் பிரதிவாதியும் ஒரே வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டால் அந்த வாக்குமூலத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

என் கட்சி நேரெதிர். 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ', 'செயின்ட்ஸ் ரோ' வகை கேம்களின் சுவைக்குக் காரணம் தடையின்மை என்பது தவறு. ஆடுபவர் என்ன அட்டூழியம் செய்தாலும் தன் ஒழுங்கை விட்டுக்கொடுக்க மறுக்கும் ஓர் ஊர்தான் காரணம். சட்டம், சாலை விதி, கட்டணம், உறவு, அக்கம்பக்கம் இவையெல்லாம் இருக்கிற வரைதான் அங்கே குற்றம் சிரிப்பாகிறது. இவற்றை உருவிவிட்டால் மிஞ்சுவது சுதந்திரமும் கொட்டாவியும்தான்.

பிறந்த கதையே இதற்குச் சாட்சி சொல்லும். 1995-ல், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில், 'லெம்மிங்ஸ்' கேமால் பெயர் வாங்கியிருந்த டிஎம்ஏ டிசைன் நிறுவனம் 'ரேஸ் ன் சேஸ்' என்றொரு கேமில் இறங்கியது. மேலிருந்து பார்க்கிற ஊர், அதில் ஓடும் கார்கள், திருடன் போலீஸ் ஆட்டம். எல்லாம் இருந்தும் உப்புச் சப்பில்லாமல் இருந்தது. கைவிட்டுவிடலாமா என்கிற பேச்சு வரை போனது. அப்போது போலீஸ் கார்களை ஓட்டும் நிரலில் ஒரு பிழை புகுந்தது. மடக்கிப் பிடிக்க வேண்டிய போலீஸ் கார்கள், நடுவில் ஆடுபவரின் கார் இருப்பதையே பொருட்படுத்தாமல் முட்டித் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தன. சோதித்துப் பார்த்தவர்களுக்கு அதை விட்டு எழ மனமில்லை என்று அந்தக் குழுவினரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். பிழையை நீக்காமல் மெருகேற்றினார்கள். 1997-ல் வெளிவந்த முதல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' அப்படித்தான் உருப்பட்டது.

அந்தப் பிழை ஆடுபவருக்குக் கூடுதலாக எந்தச் சுதந்திரத்தையும் தரவில்லை. புது ஆயுதம் இல்லை, புதுத் தெரு இல்லை. வந்து சேர்ந்தது மூர்க்கமான போலீஸ் மட்டும். சும்மா கிடந்த திருட்டுக்கு உயிர் கொடுத்தது அதுதான். பிற்பாடு இந்தத் தொடரின் நாடித்துடிப்பைத் திரையின் மூலையில் ஏறி இறங்கும் ஸ்டார்களில்தான் பார்க்க வேண்டும். ஒரு ஸ்டாருக்குத் தெருப் போலீஸ், இன்னும் ஏறினால் ஹெலிகாப்டர், உச்சத்தில் ராணுவ டாங்கி. இத்தனைக்கும் நடுவில் பெயின்ட் கடைக்குள் காரை விட்டு நிறத்தை மாற்றிக்கொண்டு வெளியே வந்தால், ஊரையே திரட்டித் துரத்திய போலீஸ் 'இது வேறு கார்' என்று திரும்பிப் போய்விடும். அந்த இடத்தில் வரும் சிரிப்புக்கு எந்த வெடியும் பொறுப்பில்லை. சட்டம் தன் விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிறது. விதிதான் அசட்டு விதி. அரசு அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்கு அலைந்த எவருக்கும் இந்த நகைச்சுவை விளங்கும்.

"அப்படியானால் சீட் கோடுகள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2000-களில் தமிழ்நாட்டுப் பிரவுசிங் சென்டர்களில் இதே தொடரின் 'வைஸ் சிட்டி' ஆடிய பையன்கள் பாடத்தைவிட அக்கறையாக மனப்பாடம் செய்தது அந்த ரகசிய எழுத்துக் கோவைகளைத்தான். கேமை ஒழுங்காக முடித்தவர்கள் கொஞ்சம், 'பான்ஸர்' என்று தட்டி டாங்கியை வரவழைத்தவர்கள் ஏராளம். எல்லையில்லாச் சக்திதான் இன்பம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். ஆனால் டாங்கி வந்த பிறகு என்ன செய்தார்கள்? ஒதுக்குப்புறமாக ஓட்டிக்கொண்டு போய் நிம்மதியாக இருந்தார்களா? நேரே போலீஸை வம்புக்கு இழுத்தார்கள். அது போதாதவர்களுக்கு 'யூ வோன்ட் டேக் மி அலைவ்' என்றொரு கோடு இருந்தது. அது பணம் தராது, உயிர் தராது. தலைக்கு மேல் இரண்டு ஸ்டாரை ஏற்றிவிடும், அவ்வளவுதான். சட்டமில்லாத ஊருக்கு ஏங்குகிறவர், காசு கொடுத்து வாங்கிய அரை மணி நேரத்தில், கூடுதல் போலீஸை ஏன் கூப்பிட வேண்டும்? போலீஸைக் கலைக்கும் 'லீவ் மி அலோன்' கோடும் இருந்தது. அதைத் தட்டியவர்களும் திருந்தி வாழ்வதற்காகத் தட்டவில்லை.

ரசிகர்கள் மத்தியில் ஒரு வரலாறும் உலவுகிறது. 2008-ல் வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4' யதார்த்தத்தைப் பிடித்துக்கொண்டு சிரிப்பைத் தொலைத்ததாம். அதே ஆண்டு 'செயின்ட்ஸ் ரோ 2' யதார்த்தத்தை வீசி எறிந்துவிட்டுச் சிரிப்பை மீட்டதாம். ஆகவே யதார்த்தம் குறையக் குறையக் கொண்டாட்டம் கூடும் என்பது பாடம். சொல்ல நன்றாக இருக்கிறது. இரண்டு கேம்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தப் பாடம் நிற்காது.

நான்காம் பாகத்தின் லிபர்ட்டி சிட்டியில் பாலங்களுக்குச் சுங்கச் சாவடி உண்டு. கட்டணம் 5 டாலர். கட்டாமல் தடுப்பை இடித்துக்கொண்டு போனால் ஒரு ஸ்டார். கூலிக்குக் கொலை செய்யும் நிக்கோ பெல்லிக், சற்று முன் பிடுங்கிய காரில், சாவடியில் நிறுத்தி 5 டாலர் கட்டிவிட்டுப் போகிறான். இதைவிட நல்ல நகைச்சுவை இந்தத் தொடரில் குறைவு. இதை எந்த வசனகர்த்தாவும் எழுதவில்லை. ஊரின் விதியே எழுதியது. இன்னொரு பக்கம் நிக்கோவின் சித்தப்பா பெரியப்பா வழி அண்ணன் தம்பி முறைக்காரன் ரோமன். நேரம் காலம் பார்க்காமல் போன் போட்டு பௌலிங் ஆடக் கூப்பிடுவான். மறுத்தால் மனம் கோணுவான். உலகம் முழுக்க ஆடியவர்கள் எரிச்சலோடு சொல்லிச் சொல்லியே அவனை நிரந்தர நகைச்சுவையாக்கிவிட்டார்கள். உலகத்தையே பகைத்துக்கொள்ளலாம், உறவுக்காரன் போனை எடுக்காமல் இருக்க முடியாது என்பது எவ்வளவு பெரிய வேடிக்கை! அந்த கேமில் குறை வேறிடத்தில் இருந்தது. போரில் மனம் உடைந்தவனின் கதை அழச் சொல்லியது, தெரு சிரிக்கச் சொல்லியது, இரண்டும் ஒட்டவில்லை. கதையின் கனம் வேறு, ஊரின் கண்டிப்பு வேறு. முன்னதன் பழியைப் பின்னதன் தலையில் கட்டுகிறார்கள்.

இனி, எல்லாவற்றையும் வீசி எறிந்ததாகச் சொல்லப்படும் 'செயின்ட்ஸ் ரோ 2'. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஷாம்பெய்ன் நகரில் இயங்கிய வொலிஷன் நிறுவனத்தின் படைப்பு. அதில் இன்றும் பேசப்படுகிறவை என்ன? முதலில் இன்சூரன்ஸ் மோசடி. ஓடுகிற கார்களுக்கு முன்னால் வேண்டுமென்றே விழுந்து, பறந்து, உருண்டு, குறித்த நேரத்துக்குள் குறித்த தொகைக்கு இழப்பீடு சேர்க்க வேண்டும். அடுத்தது கழிவுநீர் லாரி. பணக்காரக் குடியிருப்புகள் மேல் சாக்கடையைப் பீய்ச்சி அடித்து அங்கே சொத்து மதிப்பைக் குறைக்க வேண்டும். மூன்றாவது, போலீஸ் உடுப்பு மாட்டிக்கொண்டு, பின்னாலேயே வரும் தொலைக்காட்சிக் கேமராவுக்காக, சில்லறைக் குற்றங்களை ரம்பமும் தீயும் கொண்டு 'ஒழுங்குபடுத்தும்' வேலை. இந்த மூன்றிலும் சிரிப்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். காப்பீடு, வீட்டு மனை விலை, காவல்துறை விளம்பரம். நிறுவனங்கள் இல்லாவிட்டால் இந்த நகைச்சுவை ஒரு நொடி நிற்காது. இழப்பீடு வழங்கப்படாத ஊரில் கார் முன்னால் விழுவது வெறும் விபத்து. சொத்து மதிப்பு என்று ஒன்று இல்லாத ஊரில் சாக்கடை வெறும் சாக்கடை.

2011-ல் வந்த மூன்றாம் பாகம் வேகத்தைக் கூட்டியது, ஆனால் விதியைக் கைவிடவில்லை. பேராசிரியர் கெங்கி என்றொரு பூனைத்தலை ஆசாமி நடத்தும் கொலைவெறித் தொலைக்காட்சிப் போட்டி அதில் வருகிறது. கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுடலாம். பாண்டா கரடிப் பதாகையைச் சுட்டால் மட்டும் அது அறமற்ற செயல் என்று பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரே ஒரு தடைதான். அந்தத் தடையை எடுத்துவிட்டால் அந்தப் போட்டியில் சிரிக்க எதுவும் மிஞ்சாது.

2013-ல் நான்காம் பாகம் வந்தது. 'எதையும் செய்யலாம்' என்ற கொள்கை அதன் கடைசி எல்லையைத் தொட்ட இடம் அது. கும்பல் தலைவர் அமெரிக்க ஜனாதிபதி ஆகிறார், வேற்றுக் கிரகத்தார் படையெடுக்கிறார்கள், பூமியே அழிகிறது. அப்புறம் ஒரு போலி உலகத்தில் அவருக்கு அமானுஷ்ய சக்திகள் கிடைக்கின்றன. எந்தக் காரையும்விட வேகமாக ஓடலாம், கட்டடங்களைத் தாவிக் கடக்கலாம். விளைவு? கார் திருடுவதற்காகவே பிறந்த ஒரு வகைமையில் கார் திருடக் காரணமே இல்லாமல் போனது. ஊர் காலடியில் மங்கலாகக் கடந்துபோகும் தரையாக மாறியது. இந்த கேமுக்கு உயிரைக் கொடுக்கும் ரசிகர்கள் உண்டு, அதில் நல்ல தருணங்களும் உண்டு. ஆனால் அவற்றில் தலைசிறந்த ஒன்று எங்கே வருகிறது? சக்திகள் கிடைப்பதற்கு முன்னால். 1950-களின் அமெரிக்கத் தொலைக்காட்சிக் குடும்பத் தொடர் போன்ற ஓர் ஊரில் தலைவரைச் சிறை வைக்கிறார்கள். அங்கே ஆயுதம் கிடையாது, அடிதடி கிடையாது. உலகத்தையே மிரட்டியவர் நல்ல பிள்ளையாக அடக்க ஒடுக்கத்தோடு நடந்துகொள்ள வேண்டும். கட்டற்ற கேமின் சிறந்த வேடிக்கை, கட்டுப்பாடு மிகுந்த ஊரில் நடக்கிறது என்பது தற்செயலா?

பூமியை அழித்த பிறகு அடுத்த பாகத்துக்கு ஏறப் படி ஏது? 2022-ல் அந்தத் தொடரைப் புதிதாகத் தொடங்கியபோது வாடகை கட்டத் திண்டாடும் நண்பர்களிடம் வந்து நின்றார்கள். அந்த கேம் எடுபடவில்லை. 2023 ஆகஸ்டில் வொலிஷனையே மூடிவிட்டார்கள். ஒரு நிறுவனம் மூடப்படுவதற்குக் கணக்கு வழக்கு எத்தனையோ இருக்கும்; அதை என் வாதத்துக்குத் துணையாக இழுக்க மாட்டேன். ஆனால் ஆறு பாகங்களில் மெல்ல ஏறியிருக்க வேண்டிய உச்சத்தை இரண்டே தாவலில் தொட்டவர்கள் மறுபடி வாடகையில் தொடங்க வேண்டியிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

ரத்தம்தான் இந்த வகைக்கு உப்பு என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு கேம்களைக் காட்டலாம். 2003-ல் வந்த 'தி சிம்ப்சன்ஸ் ஹிட் அண்ட் ரன்' ஸ்பிரிங்ஃபீல்டு என்ற கார்ட்டூன் ஊரில் நடக்கிறது. சொட்டு ரத்தம் இல்லை. இடித்தும் உதைத்தும் அட்டகாசம் செய்தால் ஒரு வட்டமானி ஏறும். நிரம்பினால் போலீஸ் துரத்தும். பிடிபட்டால் கேமின் நாணயங்களில் 50 அபராதம். அபராதத்தோடு விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் வேடிக்கையே. 2019-ல் மெல்போர்னின் ஹவுஸ் ஹவுஸ் குழு வெளியிட்ட 'அன்டைட்டில்டு கூஸ் கேம்' இன்னும் துல்லியம். ஆடுபவர் ஒரு வாத்து. அமைதியான ஆங்கிலேயக் கிராமம். தோட்டக்காரரின் சாவியைத் திருட வேண்டும், அவர் தொப்பியைப் பறிக்க வேண்டும். அவரோ எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கிறவர். 'வாத்துக்கு அனுமதி இல்லை' என்று பலகை அடிக்க வருவார். சுத்தியலை ஓங்கும் நேரம் பார்த்துக் கத்தினால் கட்டை விரலில் போட்டுக்கொள்வார். உலகம் முழுக்க ஆடிச் சிரித்தார்கள். வாத்துக்கு இருக்கும் சுதந்திரம் மிகக் கொஞ்சம். சிரிப்பைச் சுமப்பது தோட்டக்காரரின் ஒழுங்கு.

எதிர்த்தரப்பு இங்கே 'கோட் சிமுலேட்டரை' இழுத்து வரும். 2014 ஏப்ரல் 1 அன்று சுவீடனின் காஃபி ஸ்டெயின் நிறுவனம் வெளியிட்டது. ஆடுபவர் ஓர் ஆடு. இலக்கு, தண்டனை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை, கண்டதை முட்டலாம். அது ஓடியது, சிரிக்கவும் வைத்தது. ஆனால் அதைச் செய்தவர்களே அதை ஒரு வேடிக்கையாகத்தான் விற்றார்கள். கேமை உடைக்காத பிழைகளையெல்லாம் வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். அதாவது அங்கே கேலி செய்யப்படுவது ஊர் இல்லை, 'எதையும் செய்யலாம்' என்று மார்தட்டும் கேம்களே. அந்தக் கேலி புரிந்துவிட்ட பிறகு ஆட்டை எவ்வளவு நேரம் ஓட்ட முடியும்?

விதியோடு குற்றம் செய்கிறவனே வேடிக்கையானவன் என்பது தமிழ் ரசிகருக்குப் புதிய செய்தி அல்ல. 2013-ல் வந்த 'சூது கவ்வும்' படத்தில் ஆள் கடத்தும் தாஸுக்கென்று ஐந்து விதிகள் உண்டு. பெரிய இடத்தில் கைவைக்கக் கூடாது என்று தொழில் தர்மம் பேசுகிற கடத்தல்காரன்தான் அரங்கத்தைச் சிரிக்க வைத்தான். அவனை எந்த விதியும் இல்லாத ரவுடியாக எழுதியிருந்தால் அது இன்னொரு அடிதடிப் படம்.

சுதந்திரம் முற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பலர் ஒரே ஊரில் சேர்ந்து ஆடும் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஆன்லைன்' ஒரு பரிசோதனைக்கூடம். 2018-ல் அதில் 'ஒப்ரெஸ்ஸர் மார்க் 2' என்ற பறக்கும் பைக்கை விற்பனைக்கு விட்டார்கள். எங்கும் பறக்கலாம், குறி தப்பாத ஏவுகணையால் எவரையும் தீர்த்துவிடலாம். வைத்திருப்பவருக்கு அதைவிடச் சுதந்திரம் கிடையாது. அந்த கேமில் அதைப் போல் வசை வாங்கிய வாகனமும் கிடையாது. 2022-ல் அந்த கேமை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனமே அதன் குறியை மழுங்கடித்தது.

அதே ஊரில், ஆளுக்கொரு வேடமேற்று ஆடும் ரோல்பிளே சர்வர்கள் என்றொரு உலகம் தானாக வளர்ந்தது. தமிழில் பேசி ஆடுகிறவையும் உண்டு. அங்கே போய்ப் பாருங்கள். காரணமில்லாமல் ஒருவரைச் சுட்டால் வெளியேற்றுவார்கள். தலையில் துப்பாக்கி வைத்தால் உயிருக்குப் பயந்தவராக நடிக்க வேண்டும். செத்துப் பிழைத்தால், கொன்றது யாரென்று மறந்துவிட வேண்டும். பஸ் ஓட்டுகிறார்கள், வக்கீலாக வாதாடுகிறார்கள், அபராதச் சீட்டுக்காக அரை மணி நேரம் போலீஸோடு மல்லுக்கட்டுகிறார்கள். எந்த நிறுவனமும் கட்டாயப்படுத்தவில்லை. எதையும் செய்யலாம் என்ற ஊரை வாங்கியவர்களே உட்கார்ந்து சட்டப் புத்தகம் எழுதினார்கள். அதைப் பார்க்கவும் கூட்டம் கூடுகிறது. 2023-ல் அந்த சர்வர்களுக்கான மென்பொருளை நடத்திய குழுவை ராக்ஸ்டாரே தன்னோடு சேர்த்துக்கொண்டது. சுதந்திரம்தான் சுவை என்ற கட்சிக்கு இதற்கு என்ன விளக்கம் இருக்கிறது?

ஒழுக்கக் கவலையோடு வருபவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கேம் ஆடினால் கெட்டுப்போவார்களா என்ற வழக்கு தனி, அதற்குள் போகவில்லை. இன்பத்தைத் தவறாக விவரிப்பதால் உங்கள் கண்டனம் தவறான இடத்தில் விழுகிறது என்பதே என் முறையீடு. கண்டிக்கத்தக்கவை உண்டு. முதல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'வில், காவி உடுத்து வரிசையாகப் போகும் ஹரே கிருஷ்ணா பக்தர்களை ஒருவர் விடாமல் காரேற்றினால் 'கௌரங்கா' என்று எழுத்து மின்னி போனஸ் கிடைக்கும். ஐந்தாம் பாகத்தில், அரசுப் புலனாய்வு அமைப்புக்காக, ஆடுபவர் இயக்கும் ட்ரெவர் ஒரு மனிதனைக் கட்டிவைத்து வதைக்கிறான். கருவியைத் தேர்ந்தெடுப்பது ஆடுபவரின் கை. சித்திரவதை பயனற்றது என்று பிறகு ட்ரெவரே பிரசங்கம் செய்வதால் அது அங்கதம் என்று வாதாடுவார்கள். நோக்கம் அங்கதமாகவே இருக்கட்டும். இரண்டு இடத்திலும் எதிர்ப்பக்கம் வாயடைத்துக் கிடக்கிறது. பக்தர்களிடமிருந்து பதில் இல்லை, கட்டுண்டவனால் எதுவும் செய்ய முடியவில்லை, ஊர் எட்டிப் பார்க்கவில்லை. அதனால்தான் அவை கொடூரமாகவும், அதே காரணத்தால் வேடிக்கையற்றும் இருக்கின்றன. பதில் சொல்லும் ஊரில் குற்றம் நாடகம் ஆகிறது; பதில் சொல்ல முடியாதவர் மேல் செய்யப்படும்போது வெறும் கொடுமை ஆகிறது. ஒழுக்கமும் ரசனையும் ஒரே அளவுகோலில் வந்து நிற்கும் இடம் இது.

அடுத்த பெரிய கேமுக்கான முன்னோட்டம் வரும்போது மறுபடி பரப்பளவையும் ஆயுத எண்ணிக்கையையும் காட்டுவார்கள். அதைத் தள்ளிவைத்துவிட்டு வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும். தப்புச் செய்தால் யார் வருகிறார்கள், என்ன சொல்கிறார்கள்? ஆடுபவர் தலையிடாவிட்டாலும் அந்த ஊருக்குச் செய்ய வேலை இருக்கிறதா? கொலைகாரனிடமும் பாலத்தில் 5 டாலர் கேட்கிற துணிச்சல் அதற்கு இருக்கிறதா? குற்றவாளி வேடம் கட்ட ஆசைப்படுகிறவருக்கு வேண்டியது சட்டத்திலிருந்து விடுதலை என்று நினைத்துக்கொண்டிருக்கிற வரை, பெற்றோர் தவறான கேமைத் தடுப்பார்கள், நிறுவனங்கள் தவறான கேமைத் தயாரிக்கும்.